நகைக்கடையில் ஏமாறாமல் தங்கம் வாங்க: முதன்முறை போகிறவர்களுக்கு

நகையில் ஏமாற்று என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது செம்பு கூடிய தங்கம்தான். பாட்டி காலத்தில் அந்தப் பயம் நியாயமானது. உரைகல்லில் உரசிப் பார்த்துத் தூய்மை சொல்லத் தெரிந்த ஒருவர் கூட வந்தால்தான் வீட்டில் நிம்மதி. இன்று தங்கத்தின் தூய்மைக்குச் சான்றான ஹால்மார்க் முத்திரை வந்து அந்தக் கவலையைப் பெருமளவு குறைத்துவிட்டது. அதனால் ஏமாற்ற நினைக்கும் கடைக்காரர் பொன்னை விட்டுவிட்டு பில்லுக்கு வந்துவிட்டார். எடை, கல், சேதாரம், பழைய நகை மாற்றும் மேசை, மாதச் சீட்டு என்று பணம் நழுவும் இடங்கள் இப்போது இவைதான்.

தி.நகர் உஸ்மான் சாலையாக இருந்தாலும் மதுரை தெற்காவணி மூல வீதியாக இருந்தாலும் நேர்மையாகத் தொழில் செய்கிற கடைகள் நிறைய உண்டு. கீழே சொல்லும் கேள்விகளை நீங்கள் கேட்டால் அவர்கள் கோபப்பட மாட்டார்கள். கேட்டதும் முகம் மாறுகிற கடையை விட்டு எழுந்து வந்துவிடலாம்.

வீட்டை விட்டுக் கிளம்பும் முன்

அன்றைய விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் சொல்லும் "ஆபரணத் தங்கம்" விலை 22 காரட்டுக்கானது. ஒரு சவரன் என்றால் 8 கிராம். 24 காரட் விலை இதைவிடக் கூடுதலாக இருக்கும். அதை 24 ஆல் வகுத்து 22 ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 22 காரட் விலை வந்துவிடும். 18 காரட் நகைக்கும் இதே மாதிரி 18 ஆல் பெருக்க வேண்டும். வைரம் பதித்த நகைகள் பெரும்பாலும் 18 காரட்டில்தான் செய்யப்படுகின்றன. அவற்றுக்கு 22 காரட் விலையைப் போட்டுவிடும் கடைகள் உண்டு. விலைப் பலகையில் எந்தக் காரட்டுக்கு என்ன விலை என்று தனித்தனியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம், கைபேசியில் பிஐஎஸ் கேர் செயலியை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் செயலி இது, இலவசம்.

முத்திரையை நீங்களே படியுங்கள்

2021 ஜூன் முதல் நாட்டின் 256 மாவட்டங்களில் ஹால்மார்க் கட்டாயமானது. பிறகு படிப்படியாக மேலும் பல மாவட்டங்கள் சேர்ந்தன. 2023 ஏப்ரல் 1 முதல் எச்யூஐடி எனப்படும் ஆறு இலக்க எண் இல்லாத ஹால்மார்க் நகையைக் கடைகள் விற்கக் கூடாது. ஆக, இன்று புது நகையில் மூன்று அடையாளங்கள் இருக்க வேண்டும். முதலாவது பிஐஎஸ் முத்திரையான முக்கோணம். இரண்டாவது தூய்மை: 22 காரட் என்றால் 916, 18 காரட் என்றால் 750, 14 காரட் என்றால் 585 என்று பொறித்திருக்கும். மூன்றாவது அந்த ஆறு இலக்க எண். எழுத்தும் எண்ணும் கலந்தது. ஒவ்வொரு நகைக்கும் வேறு வேறு.

எழுத்துகள் மிகச் சிறியவை. கடையில் லென்ஸ் கேளுங்கள், தர வேண்டியது அவர்கள் கடமை. எண்ணைச் செயலியில் போட்டால் அந்த நகைக்கு முத்திரை வாங்கிய கடையின் பதிவு விவரம், சோதித்த மையம், தூய்மை, நகையின் வகை எல்லாம் வரும். இங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டும். எண் செல்லுபடியாகிறது என்ற ஒன்றை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். வேறொரு நகையின் உண்மையான எண்ணை எடுத்துப் போலி நகையில் பொறிக்க முடியும். உங்கள் கையில் இருப்பது வளையல், செயலியில் மோதிரம் என்று வந்தால் அதை வாங்காதீர்கள்.

"இது கேடிஎம் நகை, சுத்தமானது" என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். கேடிஎம் என்பது தூய்மையின் அளவே கிடையாது. காட்மியம் கலந்த பொடியால் பற்றவைத்தது என்பதுதான் அதன் பொருள். காட்மியப் புகை பட்டறையில் வேலை செய்யும் ஆசாரிகளின் நுரையீரலைக் கெடுக்கும் நஞ்சு. அந்தப் பெயரைச் சொல்லி விற்கும் கடையில் முத்திரையை இரண்டு முறை பாருங்கள்.

விதிவிலக்குகளும் உண்டு. 2 கிராமுக்குக் குறைவான உருப்படிகளுக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சிறு கடைகளுக்கும் விலக்கு இருக்கிறது. மூக்குத்தி, குழந்தையின் சின்னத் தோடு, தாலியோடு கோக்கும் குண்டுமணி, உருக்கள் போன்ற பலவும் இந்த 2 கிராம் வரம்புக்குள் வந்துவிடும். தாலிக்கொடி முத்திரையோடு இருக்கும், அதில் கோத்த உருக்களில் ஒன்றும் இருக்காது. சட்டப்படி அது தவறில்லை. ஆனால் அந்தச் சின்ன உருப்படிகளின் தூய்மையையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் காரணம் உங்களுக்கே புரியும்.

எடை: தராசின் முன்னால் நில்லுங்கள்

நகையில் தொங்கும் அட்டையில் எழுதிய எடையை நம்பி பில் போட விடாதீர்கள். உங்கள் கண் முன்னால் நிறுக்கச் சொல்லுங்கள். நிறுக்கும் முன் தராசில் சுழியம் தெரிய வேண்டும். அட்டை, நூல், பிளாஸ்டிக் உறை எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறை அரசின் முத்திரை போட வேண்டும். தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. கடையில் அந்தச் சான்றிதழ் இருக்கும், கேட்கலாம். 100 மில்லிகிராம் என்பது கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஆனால் கிராம் 10,000 ரூபாய் என்றால் அது ஆயிரம் ரூபாய்.

இதைவிடப் பெரிய ஓட்டை கல்லில் இருக்கிறது. அட்டிகை, ஒட்டியாணம், கல் வைத்த தோடு, கருகமணி போன்றவற்றில் மொத்த எடை வேறு, தங்கத்தின் நிகர எடை வேறு. 20 கிராம் அட்டிகையில் 3 கிராம் கல் என்று வைத்துக்கொள்வோம். கல் எடையைக் கழிக்காமல் பில் போட்டால் கிராம் 10,000 கணக்கில் 30,000 ரூபாய் கண்ணாடிக்கும் சிர்கானுக்கும் போகிறது. அந்த 3 கிராமுக்கும் 12 சதவீதம் சேதாரம் போட்டால் இன்னும் 3,600. அதோடு நிற்காமல் "கல் விலை" என்று தனி வரியும் இருந்தால், ஒரே கல்லுக்கு இரண்டு முறை பணம் கொடுக்கிறீர்கள். கல் எடை எவ்வளவு, கழித்தது எவ்வளவு, கல்லுக்கு என்ன விலை என்ற மூன்றையும் வாய்விட்டுக் கேளுங்கள். உள்ளே அரக்கு நிரப்பிய கோயில் வகை நகைகளுக்கும் இதே கேள்விதான். அரக்கின் எடை கழிந்ததா?

தோட்டின் திருகு, சங்கிலியின் கொக்கி ஆகியவற்றையும் ஒரு பார்வை பாருங்கள். நிறம் வேறுபட்டுத் தெரிந்தால் அது என்ன காரட் என்று கேட்டுவிடுங்கள்.

சேதாரம், செய்கூலி

நகை வாங்குவதில் எல்லாரையும் குழப்புவது இதுதான், எனவே கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

பொன்னை ஆசாரியிடம் கொடுத்து நகை செய்துகொண்ட காலத்தில், உருக்கும்போதும் அரம் போடும்போதும் கொஞ்சம் பொன் தூளாகப் போகும். அந்த இழப்புக்கு ஈடு சேதாரம். அவருடைய உழைப்புக்குச் செய்கூலி. இப்போது பெரும்பாலான சங்கிலிகளும் வளையல்களும் இயந்திரத்தில் வருகின்றன. பட்டறையில் தூள்கூட வீணாவதில்லை, கூட்டி எடுத்து மறுபடி உருக்குகிறார்கள். ஆனாலும் 10, 15, 20 சதவீதம் என்று சேதாரம் போடுகிறார்கள். கடையின் லாபமும் வாடகையும் விளம்பரச் செலவும் அந்தச் சதவீதத்துக்குள் இருக்கின்றன. அதில் தவறில்லை, கடை நடத்துபவருக்கு லாபம் வேண்டும். ஆனால் அது பேசிக் குறைக்கக்கூடிய தொகை என்பதை நீங்கள் மறக்கக் கூடாது.

கணக்குக்காகக் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சவரன், அதாவது 16 கிராம் சங்கிலி. தங்கத்தின் விலை 1,60,000. சேதாரம் 12 சதவீதம் என்றால் 19,200. கூட்டினால் 1,79,200. இதற்கு 3 சதவீத ஜிஎஸ்டி 5,376. பில்லில் மத்திய அரசுக்கு ஒன்றரை, மாநிலத்துக்கு ஒன்றரை என்று பிரிந்து இருக்கும். ஹால்மார்க் கட்டணம் உருப்படிக்கு 45 ரூபாய், அதற்கு வரி சேர்த்து 53 ரூபாய் சொச்சம். ஆக மொத்தம் ஏறக்குறைய 1,84,630. இதே சங்கிலிக்குப் பக்கத்துக் கடையில் 18 சதவீதம் சேதாரம் போட்டால் கையிலிருந்து இன்னும் 9,888 ரூபாய் போகும். தங்கம் அதே தங்கம்.

ஹால்மார்க் கட்டணம் உருப்படிக்குத்தான், கிராமுக்கு இல்லை. கிராமுக்கு இவ்வளவு என்று போட்டிருந்தால் அது ஏமாற்று.

"சேதாரம் இல்லை", "4 சதவீதம் முதல்" என்ற விளம்பரங்களைப் பார்த்ததும் ஓட வேண்டாம். "முதல்" என்ற சொல் எந்த நகைக்குப் பொருந்தும் என்று கேட்டால், கடையின் ஒரு மூலையில் இருக்கும் சில எளிய மாடல்களைக் காட்டுவார்கள். சேதாரத்தை விட்டுக்கொடுப்பவர் கிராம் விலையைக் கொஞ்சம் ஏற்றியிருக்கலாம், கல் விலையில் பிடித்திருக்கலாம், திரும்ப விற்கும்போது கழிக்கலாம். இத்தனையையும் தனித்தனியாக ஆராய உங்களுக்கு நேரம் இருக்காது. நான் எல்லாருக்கும் சொல்லும் வழி ஒன்றுதான்: பில்லின் கடைசித் தொகையை நிகரத் தங்க எடையால் வகுத்துப் பாருங்கள். மேலே சொன்ன முதல் கடையில் கிராமுக்கு ஏறக்குறைய 11,540 வரும், இரண்டாவது கடையில் 12,157. கல் இல்லாத நகைகளை ஒப்பிட இந்த ஓர் எண் போதும். கல் நகையாக இருந்தால் கல் விலையையும் அதற்கான வரியையும் முதலில் கழித்துவிட்டு வகுங்கள். ஒரே மாதிரியான நகைக்கு இரண்டு மூன்று கடைகளில் எஸ்டிமேட் வாங்கி வீட்டில் வைத்துக் கணக்குப் போடுங்கள். "இந்த விலை இன்றைக்கு மட்டும்தான்" என்று அவசரப்படுத்தினால் அவசரப்படாதீர்கள். அட்சய திருதியை கூட்டத்தில் முதல் நகையை வாங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. அன்று கேள்வி கேட்க உங்களுக்கும் இடமிருக்காது, பதில் சொல்ல அவர்களுக்கும் நேரமிருக்காது.

பில் இல்லாமல் வெளியே வராதீர்கள்

எஸ்டிமேட் சீட்டு வேறு, பில் வேறு. வெள்ளைத் தாளில் எடையும் தொகையும் எழுதித் தருவது பில் ஆகாது. கடையின் பெயர், ஜிஎஸ்டி பதிவு எண், நகையின் விவரம், நிகர எடை, காரட்டும் தூய்மையும், கல் எடையும் விலையும், ஹால்மார்க் கட்டணம் எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். எச்யூஐடி எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். பின்னால் "இது எங்கள் கடை நகையே இல்லை" என்று யாரும் சொல்ல முடியாது.

"பில் வேண்டாம் என்றால் 3 சதவீதம் மிச்சம்" என்று மெதுவாகக் காதில் சொல்லுவார்கள். மேலே சொன்ன சங்கிலிக்கு அந்த மிச்சம் 5,376 ரூபாய். அதை மிச்சம் பிடித்து 1,79,200 ரூபாய் நகைக்கு உங்களிடம் இருக்கும் ஒரே சான்றை விட்டுக்கொடுக்காதீர்கள். 2 லட்சத்துக்கு மேல் வாங்கினால் பான் எண் கேட்பார்கள்; 2 லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கக் கடைக்குச் சட்டம் அனுமதிப்பதில்லை. கூடிய வரை வங்கி வழியாகவே பணம் கொடுங்கள்.

திரும்பக் கொடுத்தால் எவ்வளவு கழிப்பார்கள் என்பதையும் பில்லின் பின்புறம் எழுதி வாங்கிவிடுவது நல்லது.

பழைய நகையை மாற்றும்போது

அதிகம் பேர் அதிகம் இழப்பது இந்த மேசையில். புது நகையைத் தேர்ந்தெடுத்த மகிழ்ச்சியில் இருப்போம், பழையதை வாங்கிக்கொண்டு ஒருவர் உள்ளே போவார், சிறிது நேரத்தில் ஒரு தொகையோடு வருவார். அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

கடைக்குப் போகும் முன்பே பழைய நகையை ஹால்மார்க் சோதனை மையத்தில் கொடுத்துச் சோதித்துவிடுங்கள். இந்த மையங்கள் பொதுமக்களின் நகையையும் சோதிக்க வேண்டும் என்பது விதி. நான்கு உருப்படிகள் வரை 200 ரூபாய், ஐந்தும் அதற்கு மேலும் என்றால் உருப்படிக்கு 45 ரூபாய். அறிக்கை கையில் இருந்தால் "இது 80 டச்தான் வரும்மா" (நூற்றுக்கு 80 பங்குதான் தங்கம்) என்று சொல்பவரிடம் காட்டலாம். உங்கள் ஊருக்கு அருகில் எந்த மையம் என்பதைப் பிஐஎஸ் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

கடையில் முதலில் நிறுக்கச் சொல்லி எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். கல்லைக் கழற்றினால் கற்களை உங்களிடம் திருப்பித் தரச் சொல்லுங்கள். காரட் மீட்டர் என்ற கருவியில் வைத்துத் தூய்மை சொல்வார்கள். அது நகையின் மேற்பரப்பை மட்டும் படிக்கும் கருவி. எனவே ஒரே இடத்தில் பார்க்காமல் இரண்டு மூன்று இடங்களில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். என்ன விலைக்கு எடுக்கிறார்கள், எத்தனை சதவீதம் கழிக்கிறார்கள் என்று பேசி முடித்து எழுதி வாங்கிய பிறகுதான் உருக்க அனுமதி கொடுக்க வேண்டும், அதுவும் உங்கள் கண் முன்னால். உருக்கிவிட்டால் பேரம் பேச உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

"பழைய தங்கத்துக்குக் கிராமுக்கு 200 ரூபாய் கூடுதல்" என்ற சலுகையையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 10,000 ரூபாய் விலையில் 2 சதவீதம் எடையைக் கழித்தால் அந்த 200 போய்விட்டது. "தேய்மானம்", "அழுக்கு", "பற்றுப்பொடி" என்று மூன்று பெயரில் கழித்தால் நஷ்டம்தான்.

பழுதுபார்க்கக் கொடுக்கும்போதும் எடை எழுதிய ரசீது வாங்குங்கள், திரும்ப வாங்கும்போது மறுபடி நிறுங்கள். வீட்டு வாசலில் வந்து "பாலிஷ் போட்டுத் தருகிறோம்" என்பவர்களுக்கு நகையைக் காட்டவே வேண்டாம். அவர்கள் முக்கும் ராஜ திராவகம் என்ற அமிலக் கலவையில் பொன் கரைந்துவிடும். நகை பளபளப்பாகத் திரும்பி வரும், எடை மட்டும் குறைந்திருக்கும்.

மாதச் சீட்டு

11 மாதம் கட்டினால் சேதாரம் இல்லாமல் நகை என்ற திட்டம் ஏன் 11 மாதத்தில் முடிகிறது தெரியுமா? பொருளுக்காக முன்பணம் வாங்கும் நிறுவனம் 365 நாளுக்குள் பொருளைக் கொடுத்துவிட வேண்டும். தாண்டினால் அது வைப்புத்தொகை ஆகிவிடும், அதற்குக் கடுமையான விதிகள் உண்டு. நீங்கள் கட்டும் பணத்துக்கு வங்கி வைப்புக்குக் கிடைக்கும் காப்பீடு கிடையாது. கடை மூடினால் கடன் கொடுத்தவர்கள் வரிசையில் நீங்களும் ஒருவர், அவ்வளவுதான். 2023 இல் திருச்சியிலிருந்து இயங்கிய ஒரு நகைக்கடைக் குழுமம் பல ஊர்களில் கிளைகளைப் பூட்டியபோது, சீட்டுக் கட்டியவர்கள் பொருளாதாரக் குற்றப்பிரிவு அலுவலகங்களில் புகார் மனுவோடு வரிசையில் நின்றார்கள். அவர்களில் பலர் மகளின் கல்யாணத்துக்குச் சேர்த்தவர்கள்.

சீட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சேர்வதற்கு முன் கேட்க வேண்டியவை: பணமாகச் சேர்கிறதா, கிராமாகச் சேர்கிறதா? சேதாரத் தள்ளுபடி எத்தனை சதவீதம் வரை? எந்த நகைகளுக்குப் பொருந்தாது? நடுவில் நிறுத்தினால் என்ன கிடைக்கும்? பதிலைச் சீட்டுப் புத்தகத்திலேயே அச்சில் பார்க்க வேண்டும். மாதம் 2 சதவீதம் வட்டி, முதலீடு செய்தால் தங்கக் காசு, பழைய நகையைக் கொடுத்துவைத்தால் ஓராண்டு கழித்துச் சேதாரமில்லாமல் புது நகை என்றெல்லாம் ஆசை காட்டினால் அது நகை வியாபாரமே இல்லை. ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள், குறிப்பாக வீட்டு நகையைக் கொடுத்துவிடாதீர்கள்.

வெள்ளி, வைரம்

வெள்ளிக்கு ஹால்மார்க் உண்டு, ஆனால் தங்கத்தைப் போலக் கட்டாயமாக்கப்படவில்லை. கொலுசு 70 டச், 80 டச் என்றெல்லாம் வரும். பில்லை மட்டும் சுத்த வெள்ளி விலையில் போடுவார்கள். டச் எவ்வளவு என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். 925 என்று பொறித்த ஹால்மார்க் வெள்ளி கிடைத்தால் அதையே வாங்குங்கள். வைரத்துக்கு ஜிஐஏ, ஐஜிஐ போன்ற ஆய்வகச் சான்றிதழ் கேளுங்கள். இயற்கையா, ஆய்வகத்தில் வளர்த்ததா என்று அதில் இருக்கும். இரண்டுக்கும் விலை வேறுபாடு மிகப் பெரியது.

ஏமாந்துவிட்டால்

சந்தேகம் வந்ததும் நகையை அணியாமல் எடுத்து வைத்துவிட்டு, சோதனை மையத்தில் அறிக்கை வாங்குங்கள். முத்திரையில் சொன்னதைவிடத் தூய்மை குறைவு என்று தெரிந்தால், பிஐஎஸ் விதிகள் 2018 இன்படி அந்தக் குறைபாட்டுக்கான தொகையைப் போல இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் உங்களுக்குக் கிடைக்க வேண்டும். 16 கிராம் சங்கிலியில் 916 என்று பொறித்து, சோதனையில் 833 தான் வருகிறது என்றால் குறைவது 1.3 கிராம் சுத்தத் தங்கம். அதன் விலையை இரண்டால் பெருக்கிக் கேட்கலாம்.

முதலில் கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். நகலில் கையெழுத்து வாங்குங்கள் அல்லது பதிவுத் தபாலில் அனுப்புங்கள். முத்திரை, தூய்மை பற்றிய புகாரைப் பிஐஎஸ் கேர் செயலியிலேயே பதியலாம். சென்னை தரமணியில் உள்ள அலுவலகத்துக்கு நேரிலும் போகலாம். எடைக் குறைவு என்றால் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகம். சீட்டு மோசடி என்றால் பொருளாதாரக் குற்றப்பிரிவு. மற்றவற்றுக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.

அப்படியும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கடை சென்னையில் இருந்தாலும் நீங்கள் திருநெல்வேலியில் குடியிருந்தால் திருநெல்வேலியிலேயே வழக்குத் தொடுக்கலாம். இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். பில், சோதனை அறிக்கை, கடைக்கு அனுப்பிய கடிதத்தின் நகல் ஆகியவற்றை இணைக்க வேண்டும்.